எச்-எண் 7 என்பதற்காக மூடப்படும் ஒரு சிறுநீரக ஆய்வு: மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வு மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

கூலிவேலை செய்வோரின் சிறுநீரகங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும், சிறுநீரகவியல் துறை நடத்திவரும் கிராமத் தொடர் ஆய்வை இந்த நிதியாண்டோடு நிறுத்துவது, அதற்கு ஒதுக்கிய வாகனத்தையும் ஆய்வக நுட்பநரையும் வேறு துறைக்கு மாற்றுவது, இரத்த, சிறுநீர் மாதிரிகள் இருக்கும் டீப் ஃப்ரீசரைக் காலிசெய்து ஒப்படைக்கச் சொல்வது என்று நீங்கள் முடிவெடுத்திருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். இவ்வளவுக்கும் அதில் காட்டியிருக்கும் காரணம் ஒரே வரிதான்: ஆய்வை நடத்தும் மருத்துவரின் எச்-எண் (அவருடைய கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டியதை வைத்துப் போடும் கணக்கு) 7, ஆகவே அவருடைய புலமைத் தாக்கம் போதாது. அந்த எண்ணை எடுத்து உங்கள் மேசைக்கு அனுப்பியவன் நான். கல்லூரி நூலகராக இருந்து அண்மையில் ஓய்வுபெற்றவன். அந்த எண் எங்கிருந்து வந்தது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதெல்லாம் தெரிந்தவன் என்ற முறையில், அதை வைத்து நீங்கள் செய்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. கல்லூரியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. யாரைப் பற்றிய பேச்சு என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. உங்கள் படிவம் கேட்டது ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் காட்டும் எச்-எண்ணை மட்டுமே, கேட்டதைக் கொடுத்தேன். ஆனால் ஸ்கோபஸ் இந்த மருத்துவரை மூன்று ஆளாகப் பிரித்து வைத்திருக்கிறது. நம்மிடம் குடும்பப்பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. படிக்கிற காலத்தில் அவர் தந்தையின் தலைப்பெழுத்தோடு எழுதினார். திருமணத்துக்குப் பிறகு கணவரின் தலைப்பெழுத்து வந்தது. வெளிநாட்டு இதழ் ஒன்று தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொன்னபோது கணவரின் முழுப்பெயரே அவருடைய குடும்பப்பெயராக ஏறிவிட்டது. மூன்று பெயர், மூன்று கணக்கு. எல்லாவற்றையும் சேர்த்தால் எண் 9 ஆகும் என்று படிவத்தின் அடியிலேயே எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினேன். சுற்றறிக்கையில் 7 மட்டும் இருக்கிறது. என் குறிப்பைக் காணவில்லை. (திருமணமான ஆண் பேராசிரியர் எவருக்கும் இந்தச் சிக்கல் வந்து நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஒரே அடையாளம் தரும், 2012இல் வந்த ஆர்சிட் எண் இத்தகைய குழப்பத்தைத் தீர்ப்பதற்குத்தான். நம் கல்லூரியில் அதை எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள் என்று நூலகம் எழுதிய கடிதங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன.

எண் 7ஆ, 9ஆ என்பதல்ல என் வழக்கு. 2005இல் இந்த அளவுகோலை முன்வைத்தவர் சான் டியேகோவில் பணியாற்றிய ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். எண் 7 என்றால், ஒருவருடைய கட்டுரைகளில் ஏழு கட்டுரைகளைத் தலா ஏழு முறையாவது பிறர் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். எட்டுக் கட்டுரைகளுக்கு எட்டெட்டு மேற்கோள் இல்லையென்றால் எண் 7இலேயே நின்றுவிடும். ஒரு மனிதரின் பன்முக உழைப்பை ஒற்றை எண் தோராயமாகத்தான் காட்டும், வேறு பல காரணிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஹிர்ஷ் தம் கட்டுரையிலேயே எச்சரித்திருக்கிறார். குழு எண்ணை எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது.

சிறுநீரகவியலுக்குள்ளேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணித்து, மருந்தின் அளவை முடிவுசெய்ய இன்றும் மருத்துவர்கள் போடும் காக்ராஃப்ட்–கால்ட் கணக்கு 1976இல் வெளியான ஒரே ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. 249 பேரின் விவரங்களைக் கொண்டு எழுதியது. அவர்களில் பெண்கள் மிகச் சிலர். எழுதியவர்களில் காக்ராஃப்ட் பிற்பாடு ஆஸ்துமா ஆய்வுக்குப் போய்விட்டார். அந்தக் கட்டுரையை எத்தனை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் எச்-எண்ணில் அதன் மதிப்பு ஒன்றுதான். டயாலிசிஸ் நோயாளியின் கையில் இருக்கும் ஃபிஸ்டுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டுக்கு மேலே தமனியையும் சிரையையும் இணைத்து, ஊசி போடும் அளவுக்கு இரத்தக்குழாயைப் பருக்கச் செய்யும் அந்த முறையை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிரெசியா, சிமினோ ஆகியோர் தம் சகாக்களுடன் உருவாக்கி 1966இல் எழுதினார்கள். இருவரும் பிறகு தீராநோயாளிகளின் வலி தணிக்கும் மருத்துவத்துக்குத் தங்களைக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு மதுரையில் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருப்பவரின் கையைத் தொட்டு, உள்ளே இரத்தம் அதிர்ந்து ஓடுகிறதா என்று பார்க்கும் எந்தச் செவிலியரும் அந்தக் கட்டுரையின் பெயரைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அன்றாட மருத்துவத்தில் கலந்துவிட்ட கண்டுபிடிப்பை யாரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். மேற்கோளை எண்ணுபவருக்கு இது தெரியாமல் போகலாம், மருத்துவர்கள் நிறைந்த ஒரு குழுவுக்குத் தெரியாமல் போகக் கூடாது.

காக்ராஃப்ட்–கால்ட் கணக்கைச் சொன்னது வேறொரு காரணத்துக்காகவும்தான். பேரையூர்ப் பக்கம் பருத்தி எடுக்கும் 55 வயதுப் பெண், எடை 38 கிலோ, தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பல ஆய்வகங்கள் இந்த 1.2ஐ அடிக்கோடு இல்லாமல், நட்சத்திரக் குறி இல்லாமல், இயல்பு என்றே அச்சிட்டுக் கொடுக்கும். 140இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி வந்ததால் வகுத்து, பெண் என்பதற்காக 0.85ஆல் பெருக்கினால் வருவது நிமிடத்துக்குச் சுமார் 32 மில்லிலிட்டர். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் பெரும்பகுதி போய்விட்டது என்று பொருள். சதை இல்லாத உடம்பில் கிரியேட்டினின் ஏறுவதே தாமதம். கனடாவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பிறந்த கணக்கு இந்த உடம்புக்கு எவ்வளவு பொருந்தும், 1999 முதல் அமெரிக்காவில் அடுத்தடுத்து வந்த புதிய சூத்திரங்கள் எவ்வளவு பொருந்தும் என்பதை, வேலை பார்த்து மெலிந்த நம் ஊர்ப் பெண்களிடமே சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் நிறுத்தும் ஆய்வில் அந்தச் சோதனையும் ஒரு பகுதி. சம்மதித்தவர்களிடம் 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேகரித்து வாங்கி, சூத்திரம் சொல்வதோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார் மருத்துவர். அந்த வேலை பாதியில் நிற்கிறது.

இந்த ஆய்வு ஏன் மெதுவாக நடக்கிறது, ஏன் கட்டுரைகள் குறைவு என்று உங்கள் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டதாக அறிந்தேன். நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல வேண்டுமானால் பாதிப்பு மூன்று மாதங்களுக்காவது நீடித்திருக்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட வரையறை. சித்திரை வெயிலில் செங்கல் சூளையில் நின்றுவிட்டு வந்தவருக்கு அன்றைக்குக் கிரியேட்டினின் ஏறியிருக்கும். மழைக்காலத்தில் பார்த்தால் இறங்கியிருக்கும். ஒரே நாளில் முகாம் போட்டு, ஒரே ஒருமுறை இரத்தம் எடுத்து, இத்தனை விழுக்காட்டினருக்கு நோய் என்று அறிவித்துவிட்டால் கட்டுரை சீக்கிரம் வரும். அந்த விழுக்காடு உண்மையாக இருக்காது. அதனால்தான் அவர் அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார். வேலைக்குப் போனவர் திரும்பும்வரை காத்திருந்தார். திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர் பொங்கலுக்கு ஊர் வரும்போது பிடித்தார். ஓர் அரிய நோயாளியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, பணம் கட்டினால் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொள்ளும் இதழுக்கு அனுப்பும் வழியும் இருக்கிறது. அந்த வழியில் வந்த பட்டியல்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு உங்கள் குழு தந்த மதிப்பெண்களையும் பார்த்திருக்கிறேன்.

அவருடைய பேரேடுகளை நீங்கள் யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தாள் கழன்றுவிட்டது என்று பைண்டிங் செய்ய நூலகத்துக்குக் கொண்டுவந்தபோது நான் பார்த்தேன். கடைக்காரர்கள் கணக்கு எழுதும் நீள நோட்டு. ஒரே ஊரில் ஒரே பெயரில் பல பெண்கள் இருப்பதால் பெயருக்குப் பக்கத்தில் இன்னார் மருமகள், மேலத்தெரு, இரண்டாவது வீடு என்று இருக்கிறது. அடுத்த பத்தியில் வேலை: களையெடுப்பு, பருத்தி எடுப்பு, பூப்பறிப்பு, சூளை, குவாரி. வேலைக்குப் போன நேரம், நிழல் உண்டா, குடித்த தண்ணீர் எத்தனை சொம்பு. கடைசிப் பத்தியில் மாத்திரை. மாத்திரையின் பெயர் கேட்டால் யாருக்கும் தெரியாது. பேருந்து நிறுத்தத்து மருந்துக்கடையில் உடம்பு வலிக்கு என்று கேட்டால் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார்கள். எனவே வீட்டில் கிடக்கும் வெற்று அட்டையை வாங்கி, அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே பசைபோட்டு ஒட்டியிருக்கிறார். சில பக்கங்களில் அட்டைகளின் பருமனால் நோட்டு மூடவே மாட்டேன் என்கிறது. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குள் இரத்த ஓட்டம் குறையாமல் காப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அந்தப் பொருளையே தடுத்துவிடுகின்றன. வெயிலும் தாகமும் மாத்திரையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் சேர்வதுதான் ஆபத்து. அது சேர்கிறதா என்பதை மருத்துவமனையின் கணினிப் பதிவில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இந்த நோட்டில் முடியும்.

செல்லம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அவர் முகாம் நடத்தியபோது ஒருமுறை உடன் சென்றிருக்கிறேன். வேலை நேரத்தில் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டதற்கு ஒரு பெண் சொன்னார்: "தண்ணியக் குடிச்சுப்புட்டு ஒதுங்க எங்கிட்டுப் போறது தாயி? வரப்பச் சுத்தி ஆம்பளைக நிக்கிறாக." மருத்துவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த முகாமிலிருந்து, வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க மறைவு உண்டா என்ற கேள்வி படிவத்தில் சேர்ந்துவிட்டது. நான் தேடி எடுத்துக் கொடுத்த வெளிநாட்டு வினாப்படிவங்கள் எதிலும் அந்தக் கேள்வி இல்லை.

காரணம் தெரியாத சிறுநீரக நோய் என்பது இன்று உலகெங்கும் பேசப்படும் ஒன்று. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரில், தலைநகரின் ரொசாலஸ் மருத்துவமனைக்கு முற்றிய நிலையில் வந்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சர்க்கரை நோய், இரத்தக்கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை என்பதை அங்குள்ள மருத்துவர்கள் கவனித்து, 2002இல், ஸ்பானிய மொழியில், ஒரு வட்டாரப் பொதுச் சுகாதார இதழில் எழுதினார்கள். பெரிய இதழ் இல்லை, ஆங்கிலம் இல்லை. அந்தச் சிறு கட்டுரையைத் தொடர்ந்துதான் கரும்புவெட்டும் தொழிலாளர்களின் சிறுநீரக நோய் என்ற ஆய்வுப் புலமே விரிந்தது. தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் வேலையிடத்தில் கொடுத்துப் பார்க்கும் முயற்சிகள் வந்தன. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இதே போன்ற நோய்தான். தமிழ்நாட்டு அரசும் விவசாயத் தொழிலாளர்களிடையே சிறுநீரகக் கள ஆய்வு நடத்தியிருக்கிறது. எல் சால்வடோர் மருத்துவர்களை 2001இல் உங்கள் குழுவின் முன் நிறுத்தியிருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதில் மதுரைக்கென்று ஒரு வாய்ப்பு இருக்கிறது. மத்திய அமெரிக்க ஆய்வாளர்கள் பலர் வெயிலைச் சந்தேகிக்கிறார்கள். இலங்கையில் விவசாய இரசாயனங்கள் மீதும் குடிநீர் மீதும் சந்தேகம் வலுவாக இருந்துவந்திருக்கிறது. வயலில் இவை எல்லாம் ஒரே ஆளின் மீது விழுவதால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது கடினம். நம் ஊரில் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. மொக்கு விரிவதற்குள் சந்தைக்குப் போயாக வேண்டும் என்பதால் விடியும் முன்பே பறிக்கப் போகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். மொக்குப்புழுவுக்காகச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கிறார்கள். ஆக, வெயில் குறைவு, மருந்து அதிகம். அதே ஊரில், பெரும்பாலும் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு செங்கல் சூளையில் நிற்பவருக்கு வெயிலும் அனலும் அதிகம், பூச்சிமருந்து இல்லை. இந்த இரு கூட்டத்தையும் பல ஆண்டுகள் பக்கம் பக்கமாகப் பின்தொடர்ந்தால் சந்தேகங்களைப் பிரித்துப் பார்க்க வழி பிறக்கும். இந்தத் திட்டத்தை வகுத்தவர் நீங்கள் தாக்கம் போதாது என்று சொன்ன மருத்துவர். பூப்பறிக்கும் பெண்கள் ஓரிரு ஆண்டில் சூளைக்கு மாறுவதும் உண்டு, ஆகவே யார் எப்போது எதற்கு மாறினார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்று அவர் சொன்னதை, நூலகத்தில் என் எதிரே உட்கார்ந்து படிவத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது கேட்டிருக்கிறேன். விடை என்னவாக வரும் என்று அவர் ஒருபோதும் முன்கூட்டிச் சொன்னதில்லை. தொடர்ச்சி அறுந்துவிட்டால் விடையே வராது.

நாட்டுமருந்துக்கு அவர் தனிப்பத்தி வைத்திருந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் நம் கல்லூரியில் உண்டு. 1993இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள், வேகமாகச் சிறுநீரகம் சுருங்கி வந்த பெண்களை விசாரித்தபோது அவர்கள் உடல் எடையைக் குறைக்கும் ஒரே சிகிச்சை நிலையத்துக்குப் போனவர்கள் என்பது தெரிந்தது. விசாரணை அங்கே கொடுத்த மூலிகை மருந்தில் கலந்திருந்த அரிஸ்டோலோக்கியா இனத் தாவரத்தில் போய் முடிந்தது. டான்யூப் நதியின் கிளையாறுகளை ஒட்டிய ஊர்களைப் பல தலைமுறையாக வாட்டிய சிறுநீரக நோய்க்கும், கோதுமையோடு கலந்துவிட்ட அதே இனத்தின் விதையே காரணம் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. நம் பக்கத்து ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அந்த இனத்தைச் சேர்ந்தவை. எல்லா நாட்டுமருந்தும் கெடுதல் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிவைக்க ஒருவர் வேண்டும். அவர் இலையையே வாங்கிவந்து, தாளில் வைத்து அழுத்திக் காயவைத்து, தாவரவியல் படித்தவர்களிடம் காட்டிப் பெயரை உறுதிசெய்துகொண்டார்.

ஊருக்குள் போய்ச் செய்யும் சிறுநீரக மருத்துவம் ஆய்வாகாது என்பவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி, தம் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வழியாகக் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து, வீடுவீடாகச் சிறுநீரைச் சோதித்து, இரத்த அழுத்தம் பார்த்து, மிக மலிவான மாத்திரைகளைக் கொண்டே சர்க்கரையையும் கொதிப்பையும் கட்டுக்குள் வைத்துக் காட்டினார். அந்த அனுபவத்தை கிட்னி இன்டர்நேஷனல் இதழின் சிறப்பு வெளியீடு 2003இல் பதிப்பித்தது. சண்டிகரில் கிர்பால் சுக், பாம்புக்கடியால் சிறுநீரகம் செயலிழப்பதைப் போன்ற, மேலைநாட்டு நூல்களில் அதிகம் இல்லாத நம் நாட்டு நோய்களைக் கவனித்து எழுதியே இந்தியச் சிறுநீரகவியலின் முன்னோடி ஆனார். தம் கண்முன் வந்த நோயாளியைக் கேள்வியாக மாற்றத் தெரிந்தவர்கள் இவர்கள். நம் மருத்துவரும் அந்த வழியில் நடப்பவர்தான்.

அவருடைய தாக்கத்தை எங்கே தேடுவது என்று கேட்டால் நான் இடம் காட்டுவேன். அவரிடம் படித்தவர்கள் இன்று தேனி, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் வேலை பார்க்கிறார்கள். அவருடைய வினாப்படிவத்தின் ஒளிநகலை அங்கே பயன்படுத்துகிறார்கள், என்னிடமே கேட்டு வாங்கியவர்கள் உண்டு. வலி மாத்திரை வழக்கமாக எடுப்பவர் என்று தெரிந்தவுடன் கிரியேட்டினின் பார்த்து அனுப்பும் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர், மாத்திரை, மறைவிடம் பற்றி அவர் எழுதிய ஒரு தாள் தமிழ்த் துண்டறிக்கை, நூறு நாள் வேலை நடக்கும் இடங்களில் வாசித்துக் காட்டப்பட்டிருக்கிறது. உங்கள் படிவத்தில் அந்தத் துண்டறிக்கைக்குக் கட்டம் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்ற நிலைக்கு ஒருவர் வந்து சேருமுன் தடுத்தால், அந்தத் தடுப்பு எந்த மேற்கோள் பட்டியலிலும் ஏறாது.

அளவுகோல்களை எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பதை நான் புதிதாகச் சொல்லவில்லை. ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் ஃபிரான்சிஸ்கோ அறிக்கை 2012 இறுதியில் உருவாகி அடுத்த ஆண்டு வெளியானது. 2015இல் நேச்சர் இதழில் வந்த லைடன் அறிக்கை பத்து நெறிகளைச் சொல்கிறது: அளவீடு நிபுணர்களின் ஆய்ந்த கருத்துக்குத் துணையாகவே இருக்க வேண்டும் என்பது முதல் நெறி, உள்ளூருக்குத் தேவையான ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என்பது மூன்றாவது. தேசிய மருத்துவ ஆணையம் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளைக் கேட்கிறது என்பது உண்மை; நடந்துகொண்டிருக்கும் களஆய்வை எச்-எண் பார்த்து மூடுங்கள் என்று அது சொல்லவில்லை. அந்த முடிவு உங்களுடையது, எனவே திரும்பப் பெறுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையை உடனே நிறுத்தி வையுங்கள். மறு ஆய்வு முடியும்வரை டீப் ஃப்ரீசரில் இருக்கும் மாதிரிகளை யாரும் தொடக் கூடாது என்று எழுத்தில் ஆணையிடுங்கள். ஒருமுறை உருகிவிட்டால் அந்த ஆண்டுகளின் இரத்தத்தை எந்தப் பணத்தாலும் திரும்ப வாங்க முடியாது. அவற்றைத் தந்தவர்கள் இந்த ஆய்வுக்கென்று சம்மதித்துத் தந்தவர்கள் என்பதால், நிறுவன நெறிமுறைக் குழுவைக் கேட்காமல் அழிக்க உங்களுக்கு உரிமை உண்டா என்பதற்கும் விளக்கம் தேவை. வாகனத்தையும் நுட்பநரையும் அடுத்த கோடைக்கு முன் திரும்பக் கொடுங்கள், ஏனென்றால் கோடை அளவீடு ஓர் ஆண்டு விடுபட்டாலும் சூளைக்கும் பூந்தோட்டத்துக்குமான ஒப்பீடு குலைந்துவிடும்.

பேரேடுகளை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்ப வேண்டாம். ஒட்டியிருக்கும் மாத்திரை அட்டைகளோடு பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, நோயாளிகளின் அடையாளம் வெளியே தெரியாதபடி பாதுகாத்து, அசலை நூலகத்தின் பூட்டிய அலமாரியில் வையுங்கள். ஸ்கேன் செய்யும் வேலைக்கு ஊதியம் இல்லாமல் வர நான் தயார்.

மறு ஆய்வை இதே குழு தனியாகச் செய்யக் கூடாது. வெளியிலிருந்து இரண்டு சிறுநீரகவியல் பேராசிரியர்களையும், கொள்ளைநோயியல் அறிந்த ஒருவரையும், பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் தாமே தேர்ந்துகொடுக்கும் ஐந்து கட்டுரைகளை உறுப்பினர்கள் முழுமையாகப் படித்துக் கருத்தெழுதட்டும். ஒரு முகாமுக்காவது நேரில் வரட்டும். இனி எந்த ஆசிரியரின் ஆய்வையும் எச்-எண்ணை மட்டும் காட்டி மூடுவதில்லை என்று விதியில் எழுதுங்கள். படிவத்தில் ஆர்சிட் எண்ணுக்கும், ஒருவர் எழுதிய எல்லாப் பெயர்களுக்கும், களப்பணிக்கும், தமிழில் மக்களுக்காக எழுதியவற்றுக்கும் இடம் ஒதுக்குங்கள். நூலகம் எழுதும் அடிக்குறிப்பை இறுதி அறிக்கையிலிருந்து நீக்குவதானால் காரணத்தைப் பதிவுசெய்யுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்பதை அடுத்த கல்விக்குழுக் கூட்டத்துக்கு முன் அந்த மருத்துவருக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை எல்லாத் துறைகளுக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ நூலகர்,
மதுரை